வேலைப் பலகையில் ஒன்பதாவது வரி

ஏப்ரல் 9

பரீட்சை முடிந்தது. இயற்பியல் என்னை இயற்கை எய்த வைக்கவில்லை. அது போதும்.

பூங்காவுக்கு இன்று ஐந்து சிலைகள் வந்தன. மே மாத மலர்க்காட்சிக்குப் பூ மட்டும் போதாதாம், கலையும் வேண்டுமாம். லாரி மேடேறியபோது கண்ணாடி மாளிகைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலே ஆடியது. பளிங்கில் ஒரு தாயும் பிள்ளையும், கருங்கல்லில் ஒரு தவளை, சுடுமண்ணில் ஒரு குதிரை, மூங்கிலில் ஒரு வளையம். ஐந்தாவது இரும்பு. மூடிப்போன டீ ஃபேக்டரியின் பாய்லர் தகட்டை வெட்டி, ஆள் ஒருவர் குனிந்து நிற்பதுபோல் வளைத்திருக்கிறார்கள். பத்தடி உயரம். பெயர் 'காத்திருப்பு'. எங்கள் ரேஷன் கடை வாசலில் வைத்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

ஆள் விட்டு இறக்கி வைத்தது அம்மா. சகாயமேரி மேஸ்திரி என்றால் இந்த மலையில் தெரியாதவர் இல்லை. இருபத்தெட்டுப் பேர், எட்டுக் குழு, எல்லோருக்கும் வேலை சொல்வது அவள்தான். சொல்வது வாயால் அல்ல. கருவிக் கொட்டகைக்குள் ஒரு கரும்பலகை இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு முந்தைய நாளுடையதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மறுநாள் வேலையை எட்டு வரியில் எழுதிவிடுவாள். காலையில் அவரவர் வரியை அவரவர் படித்துவிட்டு மண்வெட்டியோ கத்தரியோ எடுத்துக்கொண்டு போவார்கள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எங்கள் வீட்டில் பைபிளுக்கு அடுத்த இடம் அந்தப் பலகைக்கு.

அம்மாவின் கையெழுத்து எனக்கும் வரும். ஆறாம் வகுப்பு ரேங்க் கார்டைக் கேட்டால் சொல்லும்.

ஏப்ரல் 12

இரும்புச் சிலையைச் செய்தவர் சென்னைக்காரர், கீர்த்திவாசன் சார். மலர்க்காட்சி முடியும்வரை விருந்தினர் விடுதியில் தங்குகிறார். காலையில் பூச்சிமருந்து அடிக்கிற ஸ்ப்ரே டப்பாவோடு சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். செடிக்கா சார் என்று கேட்டேன். உப்புத் தண்ணீராம், சீக்கிரம் துருப்பிடிப்பதற்காம்.

"துருதாம்மா இதோட பெயின்ட். ஒரு மழைக்காலம் போகணும். முழுசாச் சிவந்த பிறகுதான் என் வேலை முடியும்" என்றார்.

துருவன் என்று பெயர் வைத்துவிட்டேன். இவர் நட்சத்திரமானால் வானமும் துருப்பிடிக்கும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. பாயசம் தித்தித்தது. நான் செய்த வேலை அதைவிடத் தித்தித்தது.

எங்கள் பூங்காவில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தகரப் பலகை உண்டு. தாவரப் பெயர், குடும்பம், பிறந்த நாடு. அதையெல்லாம் எழுதுவது பெயின்டர் பொன்ராசு மாமா. தவறாக எழுதிய ஒரு பழைய தகரத்தைக் கேட்டேன், கொடுத்தார். அவர் எனக்கென்றே கொடுத்து வைத்திருக்கும் இரண்டாம் நம்பர் பிரஷ்ஷால் அழகாக எழுதினேன்:

இரும்பியா துருவென்சிஸ்
குடும்பம்: காயலான் கடை
பூக்கும் பருவம்: மழைக்காலம்

காத்திருப்பின் கழுத்தில் மாட்டினேன். மத்தியானத்துக்குள் நாற்பது பேராவது போட்டோ எடுத்திருப்பார்கள். மாமா ஏணியில் உட்கார்ந்தபடியே சிரித்துச் சிரித்துப் பீடியைக் கீழே போட்டுவிட்டார்.

மாமாவுக்கு இது நல்ல வருஷம். பத்தொன்பது வருஷமாகத் தினக்கூலி. இந்த முறை நிரந்தரமாக்கும் பட்டியலில் மூன்றாவது பெயர் அவருடையது. காட்சி முடிந்ததும் ஆணை வருமாம். வந்தால் எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸ் அவருக்கு. காலியாகக் கிடக்கும் அந்த வீட்டுக் கதவுக்கு இப்போதே நீலம் அடித்துவிட்டார். அத்தைக்கு நீலம்தான் பிடிக்குமாம்.

ஏப்ரல் 16

துருவன் சிரிக்கவில்லை. தகரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோருக்கும் முன்னால் அம்மாவைக் கூப்பிட்டார். விளக்குமாறைச் சிலைமேல் சாய்க்கிற கூட்டத்திடம் கலையைக் கொடுத்தது தன் தப்பு என்றாராம். அம்மா கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டாளாம். அம்மா கைகட்டி நான் பார்த்ததே இல்லை. நல்லவேளை, இன்றும் பார்க்கவில்லை. களை பறிக்கிற செல்வராணி அக்கா வந்து சொன்னாள்.

வீட்டுக்கு வந்த அம்மா அடிக்கவில்லை. சோறு போட்டாள். பிறகு சொன்னாள். "இன்னொரு தடவை இப்படி ஏதாச்சும் பண்ணின, உங்கப்பா வீட்ல கொண்டுபோய் விட்ருவேன்டி."

அப்பா வீட்டில் அப்பா இருக்கிறார், அவருடைய புது மனைவி இருக்கிறார், இரண்டு குழந்தைகள் இருக்கின்றன. எனக்கு இடம் இல்லை. அது தெரிந்துதான் சொன்னாள்.

ஏப்ரல் 17

வேலை: துணி துவைத்தது. மூன்று நாள் துணி. மூடுபனியில் எதுவும் காயவில்லை. என் கோபம் உட்பட.

ஏப்ரல் 26

மே மாதம் திறந்து வைக்க அமைச்சர் வருகிறார். பூங்கா முழுக்க ஒரே வர்ணம். அசையாமல் நிற்பது எதுவாக இருந்தாலும் சுண்ணாம்பும் காவியும் பூசிவிடுகிறார்கள். மரத்தடி, கல், குழாய், குப்பைத்தொட்டி. நானும் அதிகம் அசையாமல் நிற்பதில்லை, பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 28

நாளை விடிந்ததும் அம்மா ஜீப்பில் கீழே நாற்றுப் பண்ணைக்குப் போகிறாள், பூந்தொட்டிகள் எடுத்துவர. திரும்ப மாலை ஆகும். இன்று ஐந்து மணிக்குப் பலகை எழுதி முடித்ததும் கொட்டகையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவரச் சொன்னாள். பூட்டினேன். கொஞ்சம் நேரமானது. ஏன் என்று எழுத மாட்டேன். நோட்டுக்கும் வாய் உண்டு.

கையெல்லாம் சாக்பீஸ்.

ஏப்ரல் 29

பலகையில் இன்று ஒன்பது வரி.

எட்டாவது வரி அம்மா எழுதியது: பொன்ராசு, தெற்கு வாசல் மரங்களுக்குச் சுண்ணாம்பு, காவி. அதற்குக் கீழே விளிம்பில் நெருக்கி நான் எழுதியது: பொன்ராசு, அது முடிந்ததும் இரும்புச் சிலை, துரு சுரண்டி சில்வர் பெயின்ட்.

ஒரு கையோ காலோ பளபளத்ததும் யாராவது பார்த்து நிறுத்திவிடுவார்கள், துருவன் வந்து குதிப்பார், நான் கிழக்கு மேட்டிலிருந்து வேடிக்கை பார்க்கலாம் என்பதுதான் திட்டம். துருவன் இன்று ஊர் சுற்றிப்பார்க்கப் போயிருந்தார். அலுவலகத்தில் அழைப்பிதழுக்கு உறை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் வரவில்லை.

மாமா மரங்களை ஒன்பதரைக்குள் முடித்துவிட்டார். பிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள், மண்ணெண்ணெய்த் துணி. அரைகுறையாக வேலை செய்ய அவருக்குத் தெரியாது. இடுக்கெல்லாம் தேய்த்தார். பதினொரு மணிக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். முகமெல்லாம் செந்தூள்.

"உங்கம்மா சொன்னது சரிதான் பாப்பா. மந்திரி வர்ற நேரத்துல இது மட்டும் சொறி புடிச்ச மாதிரி நிக்குது" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். டீ கிளாஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாலை நான்கு மணிக்குச் சிலை முழுக்க வெள்ளி. எவர்சில்வர் பாத்திரக் கடை திறப்புவிழா மாதிரி. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஐந்தரைக்கு அம்மா வந்தாள். நேராகக் கொட்டகைக்குப் போய்ப் பலகையைத் துடைத்தாள். தான் எழுதியதைத் தானே எதற்குப் படிப்பாள்? துடைத்துவிட்டு நாளைக்குரியதை எழுதினாள்.

ஏப்ரல் 30

துருவன் குதிக்கவில்லை. ஸ்ப்ரே டப்பாவோடு வந்தார், பார்த்தார், டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் எழவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. திரும்பவும் துருப்பிடித்தால் போயிற்று, இதில் என்ன இருக்கிறது. துருதான் அந்த ஆளுக்குச் சிலை என்று எனக்கு யார் சொன்னார்கள்?

(ஏப்ரல் 12-ஐத் திருப்பிப் பார்த்தேன். சரி.)

பத்து மணிக்கு விசாரணை. பூங்காவின் பெரிய அதிகாரி கியூரேட்டர், இரண்டு கிளார்க்குகள், துருவன், அம்மா, மாமா. நான் அம்மாவின் சாப்பாட்டுத் தூக்கோடு வராந்தாவில் இருந்தேன். தூக்கைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை.

மாமா சொன்னது ஒன்றுதான். பலகையில் இருந்தது, செய்தேன்.

கியூரேட்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா, தான் எழுதவில்லை என்றாள்.

"உங்க கையெழுத்துதாம்மா" என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. கடையில் மறந்து வைத்த குடையை நினைவுபடுத்துகிற மாதிரி சொன்னார்.

"பொன்ராசண்ணே, எழுதாததை எழுதினேன்னு நான் எப்படிச் சொல்றது?"

"நான் படிச்சதைப் படிக்கலைன்னு எப்படிம்மா சொல்றது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லத் தெரியாதவர்கள். பொய் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் வராந்தாவில் தூக்கோடு நின்றிருந்தாள்.

மற்ற குழுக்களைக் கூப்பிட்டுத் துருவித் துருவிக் கேட்டார்கள். அவரவர் வரியைத்தான் பார்த்தோம் என்றார்கள் எல்லோரும். உண்மையாகவும் இருக்கலாம். செல்வராணி அக்கா மட்டும் பதில் சொல்லும்போது தரையைப் பார்த்தாள்.

கடைசியில் கிளார்க் ஒருவர், ஆள் குடித்திருப்பான் சார் என்றார். மாமா குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கும் அது தெரியும். அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவள் சொல்லியிருக்கலாம்.

மே 1

உழைப்பாளர் தினம். விடுமுறை. அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு ஒரு லட்டு. எறும்பு வந்துவிட்டது.

மே 2

மாமாவை நிறுத்திவிட்டார்கள். தினக்கூலியை நிறுத்த ஆணை எதுவும் வேண்டாமாம், நாளையிலிருந்து வராதே என்றால் போதுமாம். பட்டியலில் மூன்றாவது பெயரை அடித்துவிட்டு நான்காவது பெயரை மூன்றாக்கிவிட்டார்கள். காரணம்: பணிநேரத்தில் மது.

இன்று எதை வைத்தும் சிலேடை வரவில்லை.

மே 3

அம்மா புதிதாக ஒன்று செய்கிறாள். எட்டாவது வரிக்குக் கீழே, சாக்பீஸைப் படுக்கவைத்துத் தடிமனாக ஒரு கோடு இழுக்கிறாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி. தொழிலாளர்களும் புதிதாக ஒன்று செய்கிறார்கள். காலையில் அவரவர் வரியைக் காட்டி, இது நீங்க எழுதினதுதானேம்மா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் கருவியை எடுக்கிறார்கள். கேலிக்கு இல்லை, பயத்துக்கு. ஒவ்வொருவருக்கும் ஆமா, ஆமா என்று எட்டுத் தடவை சொல்லிவிட்டுத்தான் அவள் டீ குடிக்கிறாள்.

மே 5

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் அம்மா சாப்பிட வந்தாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மனைக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, சாக்பீஸ், ஒன்பதாவது வரி. அவர் உன்னைத் திட்டினாரே, அதற்காகத்தான் என்றும் சொன்னேன். அது உண்மை. வேடிக்கைக்காகவும்தான் என்பதைச் சொல்லவில்லை. அதுவும் உண்மை.

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. பீன்ஸ் முடிந்த பிறகு கேட்டாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதும்மா."

அடிப்பாள் என்று காத்திருந்தேன். கியூரேட்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள் என்றும் நினைத்தேன். போவதற்கு நல்ல சட்டையாக வேறு போட்டு வைத்திருந்தேன்.

"சொன்னா என்ன ஆகும்? கொட்டகைச் சாவியைப் பிள்ளைகிட்டக் கொடுத்தது யாருன்னு கேப்பாங்க. எனக்கு வேலை போகும், வீடு போகும். உன்னைக் கூட்டிக்கிட்டு நான் எங்கடி போறது? நாலாவது ஆள் பேரைப் போட்டு லிஸ்ட் அடிச்சாச்சு. அண்ணனுக்கு இனி திரும்பக் கிடைக்காது."

எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். முதுகைக் காட்டியபடியே சொன்னாள். "நான் எழுதலைன்னு சொன்னேன். அது நெசம்தானே."

பீன்ஸ் பொரியல் நன்றாக இருந்தது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு வாரமாகப் பசிக்காத பசி. இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

மே 8

மாமா காலையில் வந்தார். அத்தையின் அண்ணனுக்கு மலைக்குக் கீழே, திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் தெரிந்தவர்கள் இருக்கிறார்களாம், வாட்ச்மேன் வேலையாம். இரண்டு பேரும் இன்றே பஸ் ஏறுகிறார்கள்.

அம்மா உள்ளே இருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறேன், வெளியே வர முடியாது என்று சொல்லச் சொன்னாள். வைத்திருக்கவில்லை.

மாமா வாசலில் நின்றபடி நீலக் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பலகையில எட்டு வரிக்குத்தான் இடம். பத்தொன்பது வருஷத்துல உங்கம்மா ஒன்பது வரி எழுதி நான் பார்த்ததில்லை பாப்பா. அன்னைக்கே எண்ணிப் பார்த்திருக்கணும். எண்ணலை."

எவ்வளவு தூரம் தெரிந்து வைத்திருக்கிறார் என்று அவர் முகத்தில் தேடினேன். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார்.

"அந்த ரெண்டாம் நம்பர் பிரஷ் உங்கிட்டதானே இருக்கு? குடு."

உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தேன். முடியை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. நான் கழுவி வைக்கவில்லை. சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வரேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப்போனார்.

மே 17

மலர்க்காட்சி திறப்பு. அமைச்சர் ரோஜாத் தேரைப் பார்த்தார், தவளையைப் பார்த்தார், பளிங்குத் தாயைப் பார்த்தார். வெள்ளிச் சிலைக்கு முன்னால் நின்றுவிட்டார். பனி விலகி வெயில் விழுந்ததும் அது கண்ணைக் கூச வைத்தது. அருமை என்றார். கியூரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு, பூங்காவின் சொந்த முயற்சி சார் என்றார்.

துருவன் அதைக் கேட்க அங்கே இல்லை. போன வாரமே தன் பெயர்ப் பலகையைத் தானே கழற்றி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். இப்போது அதற்குச் செய்தவரும் இல்லை, பூசியவரும் இல்லை.

மே 20

மற்ற நான்கு சிலைகளுக்கு ஆளே இல்லை. எல்லோரும் வெள்ளி மனிதனுக்கு முன்னால்தான். குனிந்து நிற்கிற அவன் கைக்குக் கீழே குழந்தைகளை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். வரிசையை ஒழுங்குபடுத்தச் செல்வராணி அக்காவை நிறுத்தியிருக்கிறார்கள். நுழைவுச்சீட்டிலும் அதன் படம் போடப் போகிறார்களாம்.

ஒரு பெண் என்னிடம் போனைக் கொடுத்துக் குடும்பத்தோடு எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். நன்றாக வந்திருந்தது.

ஜூன் 11

பிளஸ் டூ தொடங்கியாயிற்று. புத்தகங்களுக்கு அட்டை போட்டேன். பக்கத்து வீட்டுக்கு நான்காவது பெயர்க்காரர் குடும்பத்தோடு வந்துவிட்டார். நீலம் கண்ணை உறுத்துகிறதாம், கதவுக்குப் பச்சை அடித்துவிட்டார்கள்.

ஜூன் 29

மழை. வெள்ளி உரிகிறது. முட்டியில் தொடங்கித் தோள்வரை செதில் செதிலாக. உள்ளேயிருந்து சிவப்பு எட்டிப் பார்க்கிறது.

அடியில் ரெட் ஆக்சைடு பூசாமல் வெள்ளி நிற்காது என்று மாமா அன்றைக்கே சொன்னார். டீ குடிக்கும்போது. ஸ்டோரில் இல்லை, உங்கம்மா வந்ததும் கேக்கணும் என்றார். இதை அன்றைக்கு எழுத மறந்துவிட்டேன். மறக்கவில்லை, எழுதவில்லை. கேட்கும் வரைக்கும் காத்திருந்திருக்கலாமே என்று சில நாள் அவர்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை. வெள்ளி மாதிரிதான்.

ஜூலை 4

சுற்றுலா வருகிறவர்கள் புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டார்களாம், சிலை அசிங்கமாக இருக்கிறது என்று. ஒன்றாம் தேதியே அலுவலகத்திலிருந்து அம்மாவுக்குத் தாள் வந்துவிட்டது. இரும்புச் சிலைக்கு உடனே மறுபடி சில்வர் அடிக்க வேண்டும். முத்திரையோடு, கையெழுத்தோடு.

அம்மா அதை நான்காக மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள். மூன்று நாளாகப் பலகையில் அந்த வேலை ஏறவில்லை.

ஜூலை 8

கிளார்க் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்கு அம்மா என்னையும் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஏன் என்று சொல்லவில்லை. பலகையைத் துடைத்தாள். ஒன்றாவது வரி, இரண்டாவது வரி என்று ஏழு எழுதினாள். புதிதாக வந்திருக்கும் கான்ட்ராக்ட் பெயின்டர் பெயர் சுதர்சன். எட்டாவது வரியில் சுதர்சன் என்று எழுதிக் கமா போட்டாள். நின்றுவிட்டாள். கை பலகைமேலேயே இருந்தது. சாக்பீஸ் நுனி ஒரே இடத்தில் அழுந்தி வெள்ளைப் புள்ளியானது.

பிறகு சாக்பீஸை என் பக்கம் நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மிச்சத்தை நீ எழுது. உனக்குத்தான் தெரியுமே."

எழுதினேன். இரும்புச் சிலை, துரு சுரண்டி சில்வர் பெயின்ட். அதே சொற்கள். அவள் எழுத்து எங்கே முடிந்தது, என் எழுத்து எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. அம்மா சாக்பீஸை வாங்கி, கீழே அந்தத் தடித்த கோட்டை இழுத்தாள்.

ஜூலை 9

பள்ளிக்குக் கிளம்பும்போது கொட்டகை வழியாகத்தான் போனேன். சுதர்சனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தன் வரியைப் படித்தான். இங்கே நடந்ததை யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பெயின்ட் டப்பாவைத் தொடவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"மேஸ்திரிம்மா, இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா, நான்தான் எழுதினேன்" என்றாள் அம்மா.

அவன் கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனான்.